ஓட்டலில் நிற்காத பேருந்து

'உழைப்பே ஆரோக்கியம்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்று ஓய்வுபெற்றோர் சங்கத்தில் கேட்டார்கள். ஆண்டு மலருக்காம். என் இடுப்பைப் பார்த்துத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். எழுபதைத் தாண்டியும் ஒல்லியாக இருக்கிறேன். அது போதும் அவர்களுக்கு. சமீபத்தில் டெப்போவில் நடந்த மருத்துவ முகாமிலும் இதே கூத்துதான். இளம் டாக்டர் ஒருவர் திரையில் படம் போட்டு, "வாழ்க்கை முறையை மாற்றுங்கள்" என்று இன்றைய டிரைவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நடுவில் என்னை எழுப்பி நிற்கவைத்து, "அந்தக் காலத்து உழைப்பு! ஐயாவைப் பாருங்கள்" என்றார். எழுந்து நிற்பதற்கு நான் முன் நாற்காலியையும் பக்கத்து ஆள் தோளையும் பிடித்துக்கொண்டு முனகியதை அவர் கவனிக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

டீ குடிக்கும்போது ஓர் இளம் கண்டக்டர் வந்து கேட்டார்: "ஏனுங்கய்யா, அந்தக் காலத்துல டிரைவருங்க எல்லாரும் உங்களாட்டந்தான் இருந்தாங்களா?" நான் சிரித்துவிட்டேன். சங்கம் கேட்ட தலைப்பு அந்தச் சிரிப்போடு போயிற்று. அந்தத் தம்பிக்குச் சொன்னதையும், அதன் பிறகு நடந்த ஒன்றையும்தான் இங்கே எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடும் பேருந்தில் எதையும் பிடிக்காமல் நிற்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் கண்டக்டர் பயிற்சி என்று பெயர். ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை. மூன்றாவது கையைக் கடவுள் கொடுக்கவில்லை. காலை அகட்டி, முழங்காலை லேசாக மடித்து, வண்டி எந்தப் பக்கம் சாயப்போகிறதோ அதற்குத் தக்கபடி உடம்பை முன்கூட்டியே சாய்க்க வேண்டும். டவுன் வண்டியில் கணபதிக்கும் உக்கடத்துக்கும் இடையே சில வருடங்கள் இப்படி ஆடிய பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னைச் சிங்காநல்லூரிலிருந்து கிளம்பும் திருச்சி வண்டிக்கு மாற்றினார்கள். அந்த வண்டியின் டிரைவர்தான் சின்னச்சாமி அண்ணன்.

அவர் தொண்டாமுத்தூர்க்காரர். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் தோப்பில் யானையை விரட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் லைசென்ஸ் எடுத்து அரசு வேலைக்கு வந்தவர். வேலையில் சேர்ந்தபோது எடுத்த படத்தை ஒருமுறை காட்டினார். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, யாரோ ஒரு பையன். நான் பார்த்த சின்னச்சாமி வேறு. அப்போதைய வண்டிகளில் ஸ்டியரிங்கைத் திருப்புவது கிணற்றில் தண்ணீர் சேந்துவது போன்ற வேலை. ஆகவே தோளும் கையும் பயில்வானுடையவை. அதற்குக் கீழே எல்லாம் ஜமீன்தாருடையவை. ஸ்டியரிங் வளையம் வயிற்றில் உரசி உரசி, அவருடைய காக்கிச் சட்டையில் தொப்புளுக்கு மேலே பிறை வடிவத்தில் ஒரு கறுப்புத் தடம் எப்போதும் இருக்கும். அவர் மனைவி சரசக்கா அதைத் துவைத்துத் துவைத்துச் சலித்துப் போனார். "ஏனுங், வண்டியக் கையில ஓட்டறீங்களா, வவுத்துல ஓட்டறீங்களா?" என்று என் முன்னாலேயே கேட்டிருக்கிறார். மெக்கானிக்கைப் பிடித்து சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டார் அண்ணன். வயிற்றுக்கு இடம் கிடைத்தது. கிளட்ச் எட்டவில்லை. மறுவாரம் சீட் பழைய இடத்துக்கே வந்தது.

இந்த வயிறு எப்படி வந்தது என்று அந்த டாக்டருக்குத் தெரிய வேண்டுமானால், அவர் காங்கயம் தாண்டி இருந்த ஓர் ஓட்டலைப் பார்த்திருக்க வேண்டும். பெயர் வேண்டாம். அப்படி ஓர் ஓட்டல் எல்லாச் சாலையிலும் உண்டு. வண்டியை அங்கே நிறுத்தினால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு இலவசம். முன்கூடத்தில் பயணிகளுக்கு நேற்றைய சாம்பாரும் நாளைய விலையும். பின்னால் எங்களுக்கென்று தனி அறை, தனி ஃபேன், தலைவாழை இலை. நெய் மிதக்கும் பொங்கல், மெதுவடை, அதன் மேல் பரோட்டா, கோழிக்குழம்பு, டபுள் ஆம்லெட். போதும் என்று கையை மறித்தால் முதலாளிக்கு முகம் வாடிவிடும். "நல்லாச் சாப்புடுங்க டிரைவரு. வண்டி எங்கீங்க போயிரும்? நீங்க இங்கதானுங்களே இருக்கறீங்க!" என்பார். திரும்பி வரும்போது மறுபடியும் அதே ஓட்டல், அதே உபசாரம். வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மரியாதை இலையில் விழுந்துகொண்டே இருந்தது.

நானும் அதே இலையில்தான் சாப்பிட்டேன். ஆனால் சின்னச்சாமி அண்ணன் திருச்சிக்கு உட்கார்ந்து போனார். நான் வண்டிக்குள்ளேயே நடந்து போனேன். முன்படிக்கட்டுக்கும் பின்படிக்கட்டுக்கும் இடையே, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, நாள் முழுக்க. என் இடுப்பின் ரகசியம் அவ்வளவுதான். இதில் என் ஒழுக்கம் ஏதும் இல்லை. வாழ்க்கை முறை, வாழ்க்கை முறை என்கிறார்களே, எங்கள் வாழ்க்கை முறை டெப்போவின் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும். யார் உட்கார வேண்டும், யார் நிற்க வேண்டும், யார் எந்த ஓட்டலில் தின்ன வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே தீர்மானமாகிவிடும்.

அண்ணனுக்குச் சர்க்கரை வந்ததை யாரும் சொல்லவில்லை, வண்டியே சொன்னது. சூலூரில் இறங்கி வேலியோரம் போவார். பல்லடத்தில் போவார். காங்கயத்தில் போவார். இடையில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் குடித்து முடிப்பார். டெப்போவுக்குத் தெரிந்தால் ஸ்டியரிங் போய்விடும் என்பதால் போக்குவரத்துக் கழக மருத்துவரிடம் போகாமல், ஊரில் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது. மேலாளருக்கும் தெரியும்.

எங்கள் கிளை மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். டெப்போவில் அவர் பேசும் தமிழில் 'ங்க' இல்லாத வாக்கியமே இருக்காது. கோபமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. தப்புச் செய்தவரை அறைக்கு அழைத்து, எழுந்து நின்று வரவேற்று, நாற்காலி போட்டு உட்காரவைத்து, கேன்டீனிலிருந்து டீயும் வடையும் வரவழைப்பார். பாதி வடை தின்றதும், "அப்பொறமுங்க, உங்களைச் சஸ்பெண்டு பண்ணிப்போட்டனுங்க. டீ ஆறிப்போகுதுங்க, குடிங்க" என்பார். அவர் அறைக்கு வடை போகிறது என்றாலே டெப்போவில் பாதிப் பேர் அவரவர் தப்பை எண்ணிப் பார்ப்பார்கள். மேலாளர் எப்போதும் துணைக்கு ஒரு வடை தின்பார். நாளொன்றுக்கு எத்தனை பேருக்கு மெமோ கொடுப்பாரோ அத்தனை வடை அவருக்கும் உண்டு.

நடுவயது தாண்டிய டிரைவர்களுக்கு வருடா வருடம் மருத்துவப் பரிசோதனை. ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், கண். இந்தப் பரிசோதனைக்கு எங்கள் ஆட்கள் தயாரான விதத்தைப் பார்த்திருந்தால் எந்த டாக்டரும் தொழிலை விட்டிருப்பார். தேதி ஒட்டியதும் டெப்போவில் விரதம் தொடங்கும். சபரிமலைக்குப் போகிறவன் கூட அத்தனை சுத்தமாக இருக்கமாட்டான். காலையில் பாகற்காய்ச் சாறு, மதியம் மோர், இரவு வெறும் தண்ணீர். கேன்டீன்காரர் போட்ட போண்டாவைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். கண் பரிசோதனைக்குத் தொங்கவிடும் எழுத்து அட்டையை யாரோ ஒரு புண்ணியவான் மனப்பாடம் செய்துகொண்டு வந்து எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தான். பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது போல ஓய்வறையில் உட்கார்ந்து ஒப்பிப்பார்கள். டாக்டர் அட்டையை மாட்டுவதற்கு முன்பே கடைசி வரி வரைக்கும் சொல்லிமுடித்த டிரைவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். பாஸாகிவிட்டார். பரிசோதனை முடிந்த அன்று மாலை எல்லோருக்கும் ஜிலேபி. சர்க்கரை இல்லை என்று டாக்டர் சொன்னதைச் சர்க்கரையோடு கொண்டாடினோம்.

சின்னச்சாமி அண்ணனுக்கு இந்த விரதம் பழக்கமானது. ஆனால் அந்த வருடம் பயம் அதிகம். மகளுக்குத் தாராபுரம் பக்கம் மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஸ்டியரிங் போய்விட்டால் சம்பந்தி வீட்டார் முன்னால் எப்படி நிற்பது என்பதே அவருக்குக் கவலை. ஆகவே சாப்பாட்டைக் குறைத்ததோடு விடாமல், மாத்திரையை இரட்டிப்பாக்கிக்கொண்டார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பரிசோதனைக்கு முந்தின நாள் காலை வண்டியை எடுத்தோம். பல்லடத்தில் அவர் வேலியோரம் இறங்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை. பாகற்காய் வேலை செய்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். காங்கயத்தில் ஏறியவர்களுக்கு டிக்கெட் போட்டு முடித்து, ஓட்டல் வரப்போகிறதே என்று பையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். ஓட்டல் வந்தது. வண்டி நிற்கவில்லை. வாசலில் நின்று பேருந்துகளைக் கைகாட்டி உள்ளே அழைக்கிற ஆள், தூக்கிய கையை இறக்காமலேயே எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பயணிகளுக்கு ஒரே சந்தோஷம். "பரவால்லீங்களே! இன்னைக்குத்தான் ஒரு நல்ல டிரைவரு வந்திருக்கறாரு" என்றார் ஒரு பெரியவர். எனக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டது. விரத நாட்களிலும் அண்ணன் அங்கே நிறுத்தாமல் போனதில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் மோராவது குடித்துவிட்டுத்தான் வருவார். ஓட்டல்காரர் மனம் கோணக்கூடாது. கோயில் வாசலைத் தாண்டும்போது கும்பிட மறந்தாலும் மறப்பார், அந்த வாசலை மறக்கமாட்டார்.

ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன். அவர் சட்டை முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் வழிகிறது, துடைக்கவில்லை. கண் மட்டும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, ஓட்டலு போயிருச்சுங்க."

"ஆமாங்க" என்றார், வெகு மரியாதையாக.

"அண்ணா, உடம்புக்கு என்னங்க? ஓரங்கட்டுங்க!"

"வாரேனுங்க... வாரேனுங்க... நீங்க முன்னால போங்க" என்றார். என்னிடம் பேசவில்லை. யாரிடம் பேசினார் என்று இன்று வரை தெரியவில்லை. வண்டி மெல்ல மெல்ல வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. எதிரே தேங்காய் ஏற்றிய லாரி ஒன்று விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு வந்தது. நான் கத்தினேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். ஸ்டியரிங்கை எட்டி இழுத்தேன். அந்தக் கையைப் பெயர்க்க என் பலம் போதவில்லை. கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. யோசித்துச் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். வேறொன்றும் தோன்றவில்லை. அவர் காதோரம் வைத்து ஒரே ஒரு விசில் ஊதினேன்.

ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. தன் பெயரையே மறந்துவிட்டிருந்த அந்த மனிதரின் வலது கால் மட்டும் அதை மறக்கவில்லை. பிரேக் விழுந்தது. கைகள் தாமாகவே இடப்பக்கம் ஒடித்தன. வண்டி ஒரு புளியமரத்துக்கு முன்னால் குலுங்கி நின்றது. லாரிக்காரன் எங்கள் வம்சத்தையே வாழ்த்திக்கொண்டு கடந்து போனான்.

முன்சீட்டில் இருந்த ஓர் அம்மணி எட்டிப் பார்த்ததும் சொன்னார்: "சுகர் மாத்தரையப் போட்டுட்டு சாப்படாம வந்துட்டாரு போலீங்க. எங்கூட்டுக்காரருக்கும் இப்படித்தானுங்க வரும். இனிப்பு குடுங்க, வெரசாக் குடுங்க." இனிப்பு யாரிடம் இருக்கிறது? அந்த அம்மணியின் மடியிலேயே இருந்தது. கரூரில் இருக்கும் தன் சம்பந்தி வீட்டுக்கென்று வாங்கிய மைசூர்பாகு டப்பா, நூல்கூடப் பிரிக்காதது. ஒரு விநாடி டப்பாவைப் பார்த்தார். "போவுதுங்க, உசுரு பெருசுங்க" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். நான் துண்டு துண்டாக உடைத்து அண்ணன் வாயில் திணித்தேன். நெய் அவர் மோவாயில் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கண்ணில் தெளிவு வந்தது. சுற்றிலும் பார்த்தார்.

"ஓட்டலு வந்துருச்சுங்களா?" என்றார்.

பேருந்தே சிரித்தது.

உடனே வண்டியை எடுக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். இரண்டு விசில் கேட்காமல் அவர் வண்டியை எடுக்கமாட்டார். நான் விசிலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பின்னால் எங்கள் கழக வண்டி ஒன்று வந்ததும் பயணிகளை அதில் ஏற்றிவிட்டு, இருவரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். டெப்போவிலிருந்து மாற்று டிரைவர் வரும் வரை அவர் என் கையைப் பிடித்தபடி இருந்தார்.

"கண்டக்டரு, இதைச் சொல்லிப்போடாதீங்க. ரேடியேட்டரு சூடாயிருச்சுன்னு சொல்லுங்க."

"அண்ணா, செத்திருப்பமுங்க."

"ஊருல சின்னச்சாமின்னா ஒருத்தனுக்குந் தெரியாதுங்க. டிரைவரு ஊடு எதுன்னு கேட்டாத்தான் என் ஊட்டக் காட்டுவாங்க. மக கல்யாணம் முடியட்டுங்க. அதுக்கப்பறம் நானே சொல்லிப்போடறனுங்க."

அவர் அழுதார்.

மறுநாள் மேலாளர் அழைத்தார். நாற்காலி, டீ, வடை. "ஏனுங்க கண்டக்டரு, நேத்து அந்த ஓட்டல்ல வண்டி நிக்கலீங்களாமா. முதலாளி காலையிலயே போன் பண்ணி வருத்தப்பட்டாருங்க. அங்க உங்களுக்கு ஏதாச்சும் கொறை வெச்சுப்போட்டாங்களா?" ஒரு பேருந்து நிறைய ஆட்கள் லாரிக்கு அடியில் போகவிருந்தது பற்றி யாரும் போன் செய்யவில்லை. பொங்கல் மீந்துபோனதற்குத்தான் புகார் வந்திருந்தது.

நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார். "இருங்க, இருங்க. ரேடியேட்டரு சூடாயிருச்சுன்னு சின்னச்சாமி சொன்னாருங்களே. அதோட முடிச்சுக்கலாமுங்க. அவருக்கு மக கல்யாணம் வருதுங்க. நீங்க வடையச் சாப்புடுங்க." மேலாளர் நல்லவர்தான். எல்லோரும் அன்று நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். எனக்கு மட்டும் அந்த லாரியின் விளக்கு கண்ணை விட்டுப் போகவில்லை. தியாகம், கடமை என்றெல்லாம் பேசமாட்டேன். எனக்குப் பயம். நாளைக்கும் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கப்போகிறவன் நான். "ரேடியேட்டரு சூடாகலீங்க சார். அவருக்குச் சுகருங்க. நெனப்புத் தப்பிப்போச்சுங்க. இனி அவரு ஓட்டற வண்டியில நானு ஏறமாட்டனுங்க" என்றேன். வடையைத் தொடவில்லை. அந்த அறையில் வடையைத் தொடாமல் எழுந்து வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முறையாகப் பரிசோதித்தார்கள். சர்க்கரை கண்ணுக்குள்ளும் போயிருந்தது. இத்தனை வருடம் அட்டையை மனப்பாடமாகச் சொன்ன அண்ணனுக்கு அட்டை இருந்த சுவரே சரியாகத் தெரியவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, டெப்போவிலேயே மாற்றுப் பணி கொடுத்தார்கள். வாசலில் சங்கிலியைத் தூக்கி இறக்குவது, உள்ளே வந்த வண்டிகளைச் சுற்றி வந்து டயர் பார்ப்பது. மகள் கல்யாணம் நின்றுவிடவில்லை, நன்றாகவே நடந்தது. டெப்போ முழுக்கப் பத்திரிகை வைத்தார், கேன்டீனில் டம்ளர் கழுவுகிறவர் வரைக்கும். எனக்கு வைக்கவில்லை. நான் வாசலில் வரும்போது சங்கிலியை இறக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஓய்வுபெறும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது வலித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

இதற்குள் ஒரு வேடிக்கை நடந்தது. வாசலில் ஓட்டல் கிடையாது. நாள் முழுக்க யார்டைச் சுற்றி நடை. சரசக்கா கட்டிக்கொடுத்த ராகிக் களியும் கீரையும்தான் சாப்பாடு. டாக்டர்கள் கெஞ்சினாலும் நடக்காதது தண்டனையாக வந்து நடந்தது. வயிறு வற்றியது. மாத்திரை பாதியானது. என் வண்டிக்குப் புதிதாக வந்த டிரைவர் வரும்போது குச்சியாக இருந்தார். அந்த ஓட்டல்காரர் சில வருடங்களில் அவரையும் ஆளாக்கிவிட்டார். மேலாளருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். வடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஒல்லியாக இருந்த நான்? மடித்து மடித்து நின்ற முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. கெண்டைக்காலில் நரம்பு புழு மாதிரி சுருண்டு கிடக்கிறது. பேருந்துப் படியில் ஏற முடியாத முன்னாள் கண்டக்டர் நான். ஆயுசு முழுக்க "சீக்கிரம் ஏறுங்க, சீக்கிரம் ஏறுங்க" என்று கத்தியவனைப் பார்த்து இப்போது இளம் கண்டக்டர்கள் அதையே கத்துகிறார்கள். உழைப்பே ஆரோக்கியமாம்.

நான் அதிகம் வெளியே போகாமல் வீட்டோடு இருந்துவிட்ட பிறகு, ஒருநாள் கணபதியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார் சின்னச்சாமி அண்ணன். மகன் வீடு சிவானந்தா காலனியில் இருக்கிறதாம். நடந்தே வந்திருந்தார். என் மனைவி முறுக்குத் தட்டை வைத்தார். "வேண்டாமுங் அம்மணி" என்றார், எந்தச் சங்கடமும் இல்லாமல். சர்க்கரை போடாத டீயைக் குடித்தார். மழை, பேரன், யானை பற்றியெல்லாம் பேசிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வாரம் தவறாமல் வருகிறார். பழைய விஷயத்தை அவர் எடுப்பதில்லை. முகாமில் எனக்குக் கைதட்டினார்களே, அந்த வாரம் வந்தபோது என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணா, அன்னைக்கு நான் மேனேஜருகிட்டச் சொன்னது தப்புங்களா?"

"தப்புத்தானுங்க" என்றார் உடனே. "இன்னைக்கும் உங்கள நானு மன்னிக்கலீங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டைச் சாத்தப் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"செத்துப் போயிருந்தன்னா உங்கள மன்னிக்காம இருக்கறதுக்கு ஆளு யாருங்க இருக்கறா? அடுத்த வாரமும் வாரேனுங்க."